நெஞ்சு வலிக்கு எந்த டெஸ்ட்? முதலில் மணியைப் பாருங்கள்

என் மாமனாருக்கு மாரடைப்பு வந்த இரவில் எடுத்த முதல் இ.சி.ஜி. எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. ரோஸ் நிறக் கட்டம் போட்ட நீளத் தாள். மேல் மூலையில் 23:10 என்று நேரம் அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே மெஷின் தானாக எழுதிக்கொண்ட தீர்ப்பு: நார்மல்.

அன்று பெருந்துறைப் பக்கம் ஒரு கிடா வெட்டு. மதியம் விருந்து, சாயங்காலம் மிச்சக் குழம்பு. பத்தரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சை ஏதோ அடைக்கிறது என்றார். எங்கே என்று கேட்டதற்கு விரலால் சுட்டவில்லை. கையை மடக்கி, முஷ்டியை நடு நெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டினார். அந்தச் சைகைக்கு இருதய மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒற்றை விரலால் 'இந்த இடம்' என்று தொட்டுக் காட்டக்கூடிய வலி பெரும்பாலும் தசையிலோ எலும்பிலோ இருக்கும். இருதய வலிக்கு அப்படி முகவரி கிடையாது.

"ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ள, வாயுப் புடிப்பு. கறி கொஞ்சம் சேத்திப் போயிருச்சு" என்றார். அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அது போதாது என்று ஒரு ஜெலுசில். வேர்வை மட்டும் நிற்கவில்லை. 61 வயது, 14 வருஷச் சர்க்கரை. காரில் ஏற்றி டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல் என்றார்கள், வாயுவுக்கு ஊசி போட்டார்கள். ஊசிக்கு அப்புறம் வலி குறைந்த மாதிரி இருந்தது. "பாத்தீங்களா, நாஞ்சொல்லல?" என்று ஜெயித்த முகத்தோடு வண்டியில் ஏறினார். பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருந்தோம்.

மூன்று மணிக்குத் திரும்ப வந்தது. இந்த முறை வேறு ஆஸ்பத்திரி. ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இருதயத் தசைப் புரதத்தைப் பார்த்தார்கள், ஏறியிருந்தது. இரண்டாவது இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தது. மறுநாள் ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி இருதயக் குழாய்களைப் படமெடுப்பது) இருதயத்தின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. குழாயைத் திறந்து வைக்கும் வலைக் குழலான ஸ்டென்ட் வைத்தார்கள், நன்றாக இருக்கிறார், இப்போதும் கறி விருந்துக்குப் போகிறார்.

முதல் கிளினிக் இ.சி.ஜி.யைத் தப்பாகப் படித்துவிட்டது என்றுதான் முதலில் கோபப்பட்டேன். அப்புறம் இருதய டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டியபோது, "இது நார்மல்தான்" என்றார். தாளில் தப்பு இல்லை. அந்த ஒரு தாளை வைத்து வீட்டுக்கு அனுப்பியதுதான் தப்பு.

அதிலிருந்து சொந்தபந்தத்தில் யாருக்கு நெஞ்சு கரித்தாலும் எனக்கு போன் வருகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இ.சி.ஜி. எடுக்கலாமா, எக்கோவா, டி.எம்.டி.யா, இல்ல நேரா ஆஞ்சியோவே பண்ணிரலாமா?" எக்கோ என்பது இருதயத்தின் ஸ்கேன், டி.எம்.டி. என்பது நடக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. எல்லோர் மனதிலும் இது ஒரு ஏணி. இ.சி.ஜி. கீழ்ப்படி, ஆஞ்சியோ மேல்படி. காசு கூடக்கூடத் துல்லியம் கூடும், வசதி இருந்தால் மேல்படிக்கே தாவிவிடலாம் என்ற கணக்கு. கடையில் மிக்ஸி வாங்கும்போது சரிப்படும் கணக்கு இது. ஒவ்வொரு டெஸ்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதனால் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி: இப்போது வலிக்கிறதா, நடந்தால் மட்டும் வலிக்கிறதா, வலியே இல்லாமல் பயம் மட்டும்தானா?

இப்போது வலிக்கிறது என்றால்

வலி நடக்கிற நேரத்தில் போட்டியில் இருப்பவை இரண்டே: இ.சி.ஜி., ட்ரோபோனின். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது.

இ.சி.ஜி.யின் பலம் வேகம். கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு என்று பத்து இணைப்புகள். அவற்றிலிருந்து பன்னிரண்டு கோணங்களில் இருதயத்தின் மின்னோட்டம் தாளில் வந்துவிடும். உள்ளே நுழைந்த பத்து நிமிடத்துக்குள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. இதை உருவாக்கிய டச்சுக்காரர் ஐன்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் காலத்து மெஷின் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒரு பெட்டிக்குள் அது இருக்கிறது.

அது சொல்லக்கூடிய மிகப் பெரிய செய்தி, தாளில் எஸ்.டி. என்று சொல்லப்படும் பகுதியில் கோடு உயர்ந்திருப்பது. உயர்ந்திருந்தால் ஒரு பெரிய குழாய் முழுசாக அடைத்திருக்கிறது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ட்ரோபோனின் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, அடுத்த வேலை உடனே தொடங்கிவிடும்.

பலவீனம் என்ன? அது ஒரு போட்டோ. எடுத்த அந்தச் சில நொடிகள் மட்டுமே அதில் இருக்கும். ரத்தக்கட்டி அடைப்பதும் கொஞ்சம் விடுவதும் மறுபடி அடைப்பதுமாக விளையாடும்போது, விட்ட நேரத்தில் எடுத்தால் நார்மல்தான் வரும். இரண்டாவது, வழக்கமான பன்னிரண்டு கோணங்களும் முன்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் நன்றாகப் பார்க்கும், பின்சுவரை நேராகப் பார்க்காது. என் மாமனாருக்கு அடைப்பு இருந்தது அங்கேதான். முதுகுப் பக்கம் மூன்று இணைப்புகள் கூடுதலாக வைத்து எடுக்கலாம். சந்தேகம் வந்தவர்கள் எடுப்பார்கள். மூன்றாவது, எஸ்.டி. உயராத வகை மாரடைப்பு இருக்கிறது. அதில் கோடு கீழே இறங்கியிருக்கலாம், அலை தலைகீழாகியிருக்கலாம், எதுவுமே தெரியாமலும் போகலாம். அதனால்தான் முதல் இ.சி.ஜி. நார்மலாக இருந்து வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று எடுக்கச் சொல்கிறார்கள்.

ட்ரோபோனின் வேறு ரகம். அது இருதயத் தசையின் உள்ளே இருக்கிற புரதம். தசை சாகத் தொடங்கினால் ரத்தத்தில் கசியும். ஆகவே அது சொல்வது 'தசைக்குச் சேதம் நடந்திருக்கிறது' என்ற செய்தியை. கசிந்து, அளக்கும் அளவுக்கு வருவதற்கு நேரம் வேண்டும். பழைய வகை டெஸ்டில் வலி தொடங்கி 3, 4 மணி நேரமாவது ஆகும். வலி வந்த அரை மணியில் எடுத்த ட்ரோபோனின் நெகட்டிவ் என்பது, பால் அடுப்பில் வைத்த உடனே பொங்கவில்லை என்று சொல்வது போல.

இங்கே ஒரு முக்கியமான ஒப்பீடு. ட்ரோபோனினில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன. சின்ன ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கார்டு டெஸ்ட், கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரி. ஒரு சொட்டு ரத்தம், ஒரு கோடா இரண்டு கோடா, பதினைந்து இருபது நிமிடத்தில் பதில். பெரிய லேப்களில் 'ஹை சென்சிட்டிவிட்டி' வகை. இது எண்ணாகவே வரும், மிகச் சிறிய கசிவையும் பிடிக்கும். கார்டு பாசிட்டிவ் என்றால் பயனுள்ள தகவல். சீக்கிரமே எடுத்த கார்டு நெகட்டிவ் என்றால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாது, ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். எண்ணாக வரும் டெஸ்டை ஒன்று, இரண்டு அல்லது மூன்று மணி நேர இடைவெளியில் திரும்ப எடுத்தாலே பெரும்பாலும் முடிவு சொல்லிவிடலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் எண்தான். யோசிக்கவே வேண்டாம்.

ஏன் இரண்டு தடவை? ஒரு எண்ணை விட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் நோயைச் சொல்லும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே கொஞ்சம் உயர்ந்து நிற்கும். நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி, இருதயத் தசையில் வைரஸ் அழற்சி, கடுமையான தொற்று, இவற்றிலும் உயரும். 2018-இல் உலக அளவில் ஒப்புக்கொண்ட மாரடைப்பு வரையறையும் இதைத்தான் கேட்கிறது: அளவு ஏறவோ இறங்கவோ வேண்டும், கூடவே ரத்த ஓட்டக் குறைவுக்கான அறிகுறியோ இ.சி.ஜி. மாற்றமோ இருக்க வேண்டும். வெறும் எண்ணை வைத்து யாருக்கும் மாரடைப்புப் பட்டம் கட்ட முடியாது. அதே மாதிரி இரண்டு ட்ரோபோனினும் நார்மலாக இருந்தும், ஓய்விலேயே வலி வந்து வந்து போகிறது என்றால் அதுவும் ஆபத்தான கட்டம்தான். தசை இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான்.

'சி.கே.-எம்.பி. பார்த்தாங்க' என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது முந்தைய தலைமுறை டெஸ்ட். ட்ரோபோனின் கிடைக்கிற இடத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

எக்கோவை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அது கெட்ட டெஸ்ட் என்பதால் அல்ல. வலி இருக்கும்போதே எடுத்தால், ரத்தம் போகாத சுவர்ப்பகுதி சரியாக அசையாதது தெரியும். பெருந்தமனி கிழிந்திருக்கிறதா, இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் உதவும். இது சின்ன விஷயம் இல்லை. பெருந்தமனி கிழிந்தவருக்கு மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் விபரீதம். ஆனால் வலி போன பிறகு, மறுநாள் சாவகாசமாக எடுத்த எக்கோவில் "ஹார்ட் நல்லா ஸ்ட்ராங்கா அடிக்குது" என்று வந்தால் அதற்கு அர்த்தம் பம்பு நன்றாக இருக்கிறது என்பதே. பம்புக்குத் தண்ணீர் வரும் பைப்பில் அடைப்பு இல்லை என்று அது சொல்லவே இல்லை.

டி.எம்.டி.? வலிக்கிற நேரத்தில் கூடவே கூடாது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கிறவரை ஓட வைப்பது போல வேறு பைத்தியக்காரத்தனம் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களை ஏமாற்றியது இதுதான். வாயு ஊசியில் வலி குறைந்தால் வாயு என்றும், நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் என்ற இருதய வலி மாத்திரையை வைத்துக் குறைந்தால் இருதயம் என்றும் ஒரு 'டெஸ்ட்' ஊரெல்லாம் புழங்குகிறது. இரண்டுமே நம்பகமில்லை. மாரடைப்பு வலி தானாகவே கூடிக் குறையும், உணவுக்குழாய் இழுப்பும் சார்பிட்ரேட்டுக்கு அடங்கும். சர்க்கரைக்காரர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல் மூச்சுத் திணறல், வாந்தி, அசதி, தாடை வலி என்று வரலாம். இவர்களிடம் 'நெஞ்சு வலிக்குதா' என்று மட்டும் கேட்டுவிட்டு இல்லை என்றதும் விட்டுவிடக் கூடாது.

எங்கே கொண்டுபோவது

டெஸ்டைத் தேர்ந்தெடுப்பதை விடப் பல குடும்பங்களுக்கு உண்மையான முடிவு இதுதான். பக்கத்திலிருக்கிற சின்ன இடமா, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற, கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் வேலை நடக்கும் அறை) வைத்த பெரிய இடமா?

விடையை நேரம் தீர்மானிக்கிறது. எஸ்.டி. உயர்ந்த மாரடைப்புக்கு இரண்டு வழி. பலூனை உள்ளே விட்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது ஒன்று, மருந்தைச் செலுத்திக் கட்டியைக் கரைப்பது இன்னொன்று. கண்டுபிடித்த 120 நிமிடத்துக்குள் பலூன் வேலை நடக்கும் என்றால் பலூன்தான் மேல். குழாய் நிச்சயமாகத் திறக்கும், மூளையில் ரத்தக்கசிவு என்ற பயமும் குறைவு. கரைக்கும் மருந்தில் அந்த ஆபத்து ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு உண்டு. ஆனால் 120 நிமிடத்துக்குள் போய்ச் சேர முடியாது என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்காகக் காத்திருப்பது தசையைப் பலி கொடுப்பது. பக்கத்தில் கரைக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு அங்கிருந்து கிளம்ப வேண்டும். முதல் மூன்று மணி நேரத்தில் அந்த மருந்து நன்றாகவே வேலை செய்யும். டெனெக்டிப்ளேஸ் என்றால் எடைக்கு ஏற்ப ஒரே ஊசி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை சொட்டுச் சொட்டாக ஏறும். அதோடு முடிந்துவிட்டது என்று வீட்டுக்கு வரக் கூடாது, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ பார்க்க வேண்டும்.

இந்த 'கரைத்துவிட்டு அனுப்பு' முறை ஏழைகளுக்கான இரண்டாம் தர வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளை கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து நடத்திய திட்டத்தில் 2,420 நோயாளிகளைக் கவனித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், இணைத்த பிறகு 14.2 சதவீதம். யார் எங்கே அனுப்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்ததற்கே இவ்வளவு பலன்.

அதற்கும் ஒரு படி கீழே, 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரை. பார்க்க ஒரு கைப்பிடி இருக்கும், பயப்பட வேண்டாம். கிராமத்திலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் இப்படி ஓர் இடம் இருந்தால் அது சுற்றுவழி ஆகாது.

108-ஆ, சொந்தக் காரா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, 108 பக்கத்தில் இருந்தால் 108. மாரடைப்பில் வழியிலேயே இறப்பவர்கள் பெரும்பாலும் இருதயத் துடிப்பு தாறுமாறாகி இறக்கிறார்கள். ஷாக் கொடுக்கும் கருவியும் அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் என் காரின் பின்சீட்டில் இல்லை. வண்டி வர வெகுநேரம் ஆகும் என்றால் வேறொருவர் ஓட்டும் கார். நோயாளியே பைக்கை எடுத்துக்கொண்டு போவதை என் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மாடி ஏறினால் வலி, நின்றால் போய்விடுகிறது

இது என் கதை. மாமனாருக்கு நடந்த எட்டாவது மாதம், ஆபீஸில் லிஃப்ட் ரிப்பேர். மூன்றாவது மாடி ஏறும்போது நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். எனக்கு 46. இது சின்ன வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2004-இல் வந்த, 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59.

இங்கே அவசரம் இல்லை, யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் வலி அடிக்கடி வந்தாலோ, குறைந்த வேலைக்கே வந்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ உடனே மேலே சொன்ன முதல் வகைக்குப் போய்விட வேண்டும். எனக்கு அப்படி இல்லை. முன்னால் இருந்தவை மூன்று: டி.எம்.டி., சி.டி. ஆஞ்சியோ, கை வழியாகக் குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோ.

டி.எம்.டி. மலிவு, எங்கும் கிடைக்கும், கதிர்வீச்சு இல்லை. நகரும் பட்டையில் நடக்க வேண்டும். அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்த முறைதான் இன்றும். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதத் துடிப்பை எட்ட வேண்டும். எனக்கு 148. அதன் நல்ல குணம், உங்கள் தெம்பைக் காட்டிவிடும். எத்தனை நிமிடம் தாக்குப் பிடித்தீர்கள் என்பதே எதிர்காலத்தைப் பற்றி நிறையச் சொல்லும். கெட்ட குணம், அடைப்பைக் கண்டுபிடிப்பதில் சுமார். பழைய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அடைப்பு உள்ள 100 பேரில் 68 பேரைத்தான் பிடித்தது, அடைப்பு இல்லாத 100 பேரில் 23 பேருக்கு இருப்பதாகச் சொன்னது. பெண்களுக்குப் பொய்யான பாசிட்டிவ் இன்னும் அதிகம். முட்டி வலிக்காரர்களால் நடக்கவே முடியாது. எல்லாவற்றையும் விட, 40 சதவீத அடைப்பு அதற்குக் கண்ணிலேயே படாது. குழாய்ச் சுவரில் இருக்கும் அந்த 40 சதவீதக் கொழுப்புப் படிவு ஒரு நாள் வெடித்து, மேலே ரத்தக்கட்டி உறைந்து, முழு அடைப்பாக மாறலாம். 'போன வாரம்தான் டி.எம்.டி. நார்மல்னு சொன்னாங்க, அதுக்குள்ள அட்டாக்' என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

சி.டி. ஆஞ்சியோ குழாயின் உள்வெட்டை மட்டும் பார்க்காமல் சுவரையும் பார்க்கும். அடைப்பு இல்லை என்று அது சொன்னால் நம்பலாம், அதன் பெரிய பலம் இதுதான். பிரிட்டன் 2016-லேயே புதிதாக வந்த இந்த மாதிரி நெஞ்சு வலிக்கு முதல் டெஸ்டாக சி.டி.யைத்தான் சொன்னது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்து நடத்திய ஆய்வில், வழக்கமான கவனிப்போடு சி.டி.யும் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இருதய மரணமோ வந்தது 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். சி.டி. யாரையும் குணப்படுத்தவில்லை. ஆரம்பப் படிவைப் பார்த்ததால் சரியானவர்களுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது.

குறைகளும் உண்டு. டி.எம்.டி. ஆயிரம், இரண்டாயிரம் என்றால் இது அதைப் போலப் பல மடங்கு. சாயம் ஏற்றுவதால் முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு உண்டு. துடிப்பு அறுபது அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டும், அதற்கு மாத்திரை கொடுத்து உட்கார வைப்பார்கள். எழுபது வயதுக்கு மேல், குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருந்தால், அது படத்தில் பூதாகரமாகத் தெரிந்து இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டும்.

நான் சி.டி.யை எடுத்தேன். மேஜையில் படுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். சாயம் ஏறிய நொடியில் தொண்டையிலிருந்து தொடை வரை யாரோ வெந்நீரைக் கவிழ்த்தது போல ஒரு சூடு. சிறுநீர் கழித்துவிட்டேனோ என்று நிஜமாகவே பயந்தேன். டெக்னீஷியன் மைக்கில் சிரித்தார்: "எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருக்கும், மூச்சப் புடிங்க." முடிந்தது. ரிப்போர்ட்டில் முன்பக்கக் குழாயில் 40 சதவீதப் படிவு. ஸ்டென்ட் வேண்டாம். ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை, பி.பி. மாத்திரை, தினமும் நடை. டி.எம்.டி. எடுத்திருந்தால் நார்மல் என்று சொல்லி அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையும் வந்திருக்காது.

நேராகக் கதீட்டர் ஆஞ்சியோ? அடைப்பு நிச்சயம் என்ற அளவுக்கு வலி கடுமையாக இருந்தால், சி.டி.யோ வேறு டெஸ்டோ பெரிய அடைப்பைக் காட்டியிருந்தால், அல்லது மாரடைப்பே வந்துவிட்டால், அதுதான் சரி. தயார்நிலையில் இருக்கிறவருக்கு மணிக்கட்டு வழியாக அரை மணி நேர வேலை. அது பிறந்ததே ஒரு விபத்தில். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் பெருந்தமனியைப் படமெடுக்கும்போது சாயம் தவறிப்போய் நேராக இருதயத்தின் குழாய்க்குள் பாய்ந்தது. துடிப்பு நின்றுபோனதைப் பார்த்துப் பதறி நோயாளியை இருமச் சொன்னார், துடிப்பு திரும்பியது. வாட்ஸ்அப்பில் 'தனியாக இருக்கும்போது அட்டாக் வந்தால் இருமுங்கள்' என்று சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். மானிட்டரைப் பார்த்தபடி டாக்டர் சொல்லி இருமுவது வேறு. வீட்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்தால் வீணாவது நேரம்தான்.

கதீட்டர் ஆஞ்சியோவை அவசரமாகத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கம் வேறு காரணத்தால். நோயாளி மேஜையில் இருப்பார். வெளியே உறவினரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, "80 சதவீதம் இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிரலாமா?" என்பார்கள். அந்த நேரத்தில் யாரால் யோசிக்க முடியும்? மாரடைப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், வைக்கச் சொல்லுங்கள். மாரடைப்பு இல்லாத, நடந்தால் மட்டும் வரும் வலி என்றால் கதை வேறு. 5,179 பேரை வைத்து நடத்திய இஸ்கீமியா என்ற ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால், நல்ல மாத்திரைகளோடு தொடங்கியவர்களை விட இறப்பு குறையவில்லை. வலி குறைந்தது, அது உண்மை. இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களையும் இருதயம் மிகப் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இது பொருந்தாது. சந்தேகமான அடைப்பு என்றால் "எஃப்.எஃப்.ஆர். பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் கம்பி அது. 0.80-க்கு மேல் இருந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை என்று பொருள்.

வலியே இல்லை, சும்மா பயம்

இதற்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் பாருங்கள், பீடி சிகரெட்டை விடுங்கள். மாஸ்டர் செக்கப் பாக்கேஜில் வருகிற டி.எம்.டி. அறிகுறியே இல்லாதவருக்குத் தரும் பாசிட்டிவ் பெரும்பாலும் பொய்யாகப் போகிறது. அப்புறம் அதை விரட்டிக்கொண்டே ஆஞ்சியோ வரை போக வேண்டும். ஸ்டாட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே இழுபறியில் இருந்தால் கால்சியம் ஸ்கோர் என்ற சின்ன சி.டி. உதவும். சாயம் வேண்டாம், சில நிமிட வேலை. ஆனால் நெஞ்சு வலியோடு வந்தவருக்குக் கால்சியம் பூஜ்யம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப அது போதாது. சுண்ணாம்பு படியாத மென்மையான படிவு அதில் தெரியாது.

பீரோவில் இருக்கிற அந்தத் தாளுக்கு வருகிறேன். அன்று மூன்று மணிக்கு இரண்டாவது ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது "பழைய இ.சி.ஜி. ஏதாவது இருக்கா?" என்றுதான். பழசு இருந்தால்தான் எது புது மாற்றம் என்று தெரியும். நல்லவேளை, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த 23:10 தாள் அவருக்கு உதவியது. இரண்டையும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பத்து விநாடி பார்த்தார், போனை எடுத்தார்.

போன வாரம் எடுத்துப் பார்த்தேன், கோடுகள் மங்கத் தொடங்கிவிட்டன. அது பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் அச்சாகும் தாள், வருஷங்களில் வெளுத்துவிடும். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, ஜெராக்ஸும் எடுத்து, மாமனார் பர்ஸில் ஆதார் கார்டுக்குப் பின்னால் ஒன்றை மடித்து வைத்தேன். "இது எதுக்குங்க மாப்பிள்ள, ஏற்கெனவே பர்ஸ் வீங்கிக் கெடக்குது" என்றார். இருக்கட்டும் மாமா என்றேன்.